பத்துமலைப் பொட்டலம்

கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு மேலே மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் விரிப்புகளைத் தூக்கிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். வவ்வால் எச்சம் பிடிப்பதற்கு என்று உள்ளதைச் சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பெட்டியை அவரே மூடி, பூட்டையும் அழுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வவ்வால் என்ற சொல்லைப் போலக் காரியத்தைச் சீக்கிரம் முடித்துக்கொடுக்கும் சிபாரிசுக் கடிதம் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம் அது. மதுரையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் வவ்வால்களின் பின்னால் அலைபவள் நான். ஊரில் என் பெயரே 'வவ்வால் டீச்சர்'. பழம் தின்னும் வவ்வாலை எங்கள் அரசாங்கப் பட்டியல் எலியோடும் காக்கையோடும் ஒரே வரிசையில் உட்கார்த்தி வைத்திருந்தது. அதை மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த தடிமனான அறிக்கை, சென்னையில் ஓர் அதிகாரியின் மேசையில் காபி டம்ளருக்கு அடியில் இருந்ததை நானே பார்த்தேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் இந்திராணியின் கடிதம் வந்தது. கிள்ளானில் பிறந்தவள், ரயில்வே கார்டின் மகள், கோலாலம்பூரில் ஆராய்ச்சி செய்பவள். நான்கு வருடமாகக் கடிதத்தில் மட்டும் பழக்கம். கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் அலையாத்திக் காட்டின் ஒரு பகுதியை வெட்டி இறால் குளங்கள் வெட்டப் போகிறார்கள், அடுத்த மாதம் நிலக் குழு முடிவு செய்கிறது, தனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். "பத்துமலைக் குகை வவ்வால்கள் அந்தக் காட்டுப் பூவை நம்பித்தான் வருடம் முழுக்க உயிரோடு இருக்கின்றன. டுரியான் பழமரம் பூத்தால் அதற்குப் போகும். பூக்காத மாதங்களில் இந்தக் காடுதான் சோறு. காடு போனால் வவ்வால் போகும், அப்புறம் டுரியான் காய்க்காது. இதை நான் சொன்னால் சிரிக்கிறார்கள். வெளியூர் நிபுணர் என்றால் கொஞ்சம் காது கொடுப்பார்கள். வாங்க அக்கா." அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்குத்தான் விமானம் ஏறினேன்.

என்னை நிபுணர் என்று அவள் சொன்னதை வீட்டில் கணவரிடம் படித்துக் காட்டினேன். "வெளியூர்ல போயாவது இருந்துட்டு வா," என்றார்.

பிரிக்பீல்ட்ஸில், ரயில் போனால் கட்டில் நடுங்கும் ஒரு விடுதியில் அறை. இறங்கியதும் பசி. பக்கத்துக் கடையில் இலை போட்டார்கள். எங்கள் ஊரில் இலையில் முதலில் வருவது உப்பும் ஊறுகாயும். இங்கே மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய் வந்தது. அது அப்பளத்தை விட நன்றாக இருந்ததை மதுரைக்காரியாக ஒப்புக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அக்கா ஊர்லருந்தா வரீங்க?" என்றார் பரிமாறியவர்.

"மதுரை."

"மதுரையா? அப்ப ரசம் இன்னொரு தடவ ஊத்துறேன். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லிறணும் லா, மொகத்துக்காகச் சொல்லக் கூடாது."

நன்றாகவே இருந்தது. மூன்று முறை வாங்கிக் குடித்தேன். நண்டுக் கறியைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை இங்கேயே நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இந்திராணி தன் துறையின் வேனில் வந்தாள். ஓட்டுநர் முனியாண்டி அண்ணன். தைப்பூசத்துக்கு எடுத்த முடி இன்னும் கட்டையாகத்தான் முளைத்திருந்தது. வருடம் தவறாமல் காவடி எடுப்பவர். "பத்துமலைக்குப் போறோம், ஆனா சாமியப் பாக்கப் போகல, வவ்வாலு பீ அள்ளப் போறோம். முருகன் என்னா நெனப்பாரு டாக்டர்?" என்று இந்திராணியிடம் கேட்டுக்கொண்டே ஓட்டினார். இந்திராணி கடிதத்தில் எவ்வளவு அடக்கமோ நேரில் அவ்வளவு வாயாடி. "அவரு வீட்டுல குடியிருக்குற வவ்வாலு தானே அண்ணே, ஒண்ணும் நெனக்க மாட்டாரு," என்றாள்.

கோயில் குகைக்குப் படியேறும் வழியிலேயே, பக்கவாட்டில் இருட்டுக் குகை. உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்த கீச்சொலியில் எனக்கு ஊர் ஞாபகமெல்லாம் போய்விட்டது. தலைக்கு மேலே ஆயிரக்கணக்கில் தொங்கிக்கொண்டு சண்டை போட்டன, சோம்பல் முறித்தன, குட்டிக்குப் பால் கொடுத்தன. சந்தோஷத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முந்தின நாள் இந்திராணி விரித்து வைத்திருந்த விரிப்பில் இரவெல்லாம் விழுந்த எச்சம் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருந்தது. பூந்தேன் குடிக்கும் வவ்வாலின் எச்சம் கருப்பாக இருக்காது. மகரந்தம் தின்பதால் இள மஞ்சளாக, சந்தன நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு சொட்டையும் தனியாகச் சுரண்டி எடுத்தோம்.

வெளியே வந்து கண்ணாடிக் குப்பிகளில் போடலாம் என்று பார்த்தால், குப்பி மூடிகள் இருந்த பையைக் காணோம். சுவர் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து மூடிகளை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துக் கீழே வீசிக்கொண்டிருந்தது. அழகர்கோவில் குரங்காவது தேங்காய் மூடியோடு திருப்திப்படும். வேறு வழியில்லாமல் நோட்டிலிருந்து வெள்ளைத்தாளைக் கிழித்துப் பொட்டலம் மடித்தேன். மீனாட்சி கோயில் வாசலில் திருநீறு மடித்துத் தருகிற அதே மடிப்புத்தான். எனக்குக் கை பழகியது அது ஒன்றுதான். எல்லாவற்றிலும் நல்ல மூன்று பொட்டலங்களை நூலால் கட்டி, எடுத்த இடமும் கிழமையும் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்: 'பத்துமலை, செவ்வாய்.'

அன்று மாலை ஆய்வுக்கூடத்தில் அவற்றிலிருந்து ஒரு துளியைக் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தாள் இந்திராணி. பார்த்ததும் எழுந்து, என்னைத் தள்ளி உட்கார வைத்தாள். வழுவழுப்பான உருண்டைகள்: டுரியான் மகரந்தம். அவற்றின் நடுவே, இரண்டு முனையிலும் குல்லாய் போட்ட பீப்பாய்கள்: பெரெம்பாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அலையாத்தி மரத்தின் மகரந்தம். இரண்டும் ஒரே சொட்டில். அதாவது ஒரே வவ்வால், ஒரே இரவில், கடலோரக் காட்டிலும் மேட்டுத் தோட்டத்திலும் சாப்பிட்டிருக்கிறது. நாற்பது வயதுக்காரியும் முப்பது வயதுக்காரியும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை அந்த வவ்வாலின் சாப்பாட்டு வழியை வேனில் போய்ப் பார்த்தோம். அது ஒரே ராத்திரியில் முடித்துவிடும். எங்களுக்குக் காஜாங் நெரிசலிலேயே பாதி நாள் போனது. செமினியில் ஒரு டுரியான் தோப்பு. பழக் காலம் இல்லை என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் மரத்தடி முழுக்கப் பூ உதிர்ந்து கிடந்தது. தோப்பைக் கவனிக்கும் மலாய்ப் பெரியவர் அதைக் காட்டிப் புலம்பினார். இந்திராணி எனக்கு மொழிபெயர்த்தாள்: "பாருங்கள், வவ்வால் என் பூவையெல்லாம் நாசம் பண்ணிவிட்டது. தினமும் பட்டாசு வெடித்து விரட்டுகிறேன். ஆனாலும் வருடத்துக்கு வருடம் காய் குறைகிறது." பூ கருவுற்ற பிறகு இதழும் கேசரமும் தானாகவே உதிரும், வவ்வால் வராத மரத்தில்தான் காய் பிடிக்காது என்று அவருக்குச் சொன்னோம். எங்கள் பக்கத்தில் ஆலமரத்து வவ்வாலுக்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத ஊர் இருக்கிறது என்றும் நான் சொன்னேன். தீபாவளிக்கே வெடிக்க மாட்டார்களா என்று அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு உள்ளே போய் மனைவியிடம் சொல்லி, உதிர்ந்த பூவைச் சம்பல் போட்டு வதக்கிக் கொடுக்கச் சொன்னார். காரமும் லேசான இனிப்புமாக, முருங்கைப்பூப் பொரியலின் சித்தி மகள் மாதிரி ஒரு ருசி. தோப்பின் முதலாளி, சுல்தான் கொடுத்த டத்தோ பட்டமுள்ள நிலக் குழுத் தலைவர்தான் என்பது திரும்பும் வழியில்தான் தெரிந்தது. இந்திராணி தெரிந்தேதான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அந்தி சாயும்போது கிள்ளான் முகத்துவாரத்தில் படகில் இருந்தோம். பெரெம்பாங் மொட்டுகள் எங்கள் கண் முன்னாலேயே விரிந்தன. சவரத் தூரிகை போன்ற பூ. ஒரு ராத்திரி மட்டும் இருந்துவிட்டுக் காலையில் கொட்டிவிடும். முதல் வவ்வால் வந்து பூவில் முகத்தைப் புதைத்து, கண் இமைப்பதற்குள் போய்விட்டது. "வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல தோத்துட்டா அடுத்த வருஷம் இங்க இறால் குளத்து மோட்டார் ஓடும் அக்கா," என்றாள் இந்திராணி. "பத்து வருஷமா இந்தத் தண்ணியிலதான் கெடக்குறேன்."

வியாழக்கிழமை வேன் பட்டறைக்குப் போய்விட்டது. கூட்டத்துக்கு முன்னால் பத்துமலை முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட வேண்டும் என்று இந்திராணி பிடிவாதம் பிடித்தாள். விஞ்ஞானிதானே நீ என்று கேட்டேன். "அதனாலதான் ஒரு சாமியோட நிறுத்திக்கிறேன்," என்றாள். அர்ச்சனைப் பிரசாதமாகக் கிடைத்த சந்தனப் பொட்டலங்களை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது ரோஸ் நிற மினி பஸ். உள்ளே நிற்க இடமில்லை. நடத்துநர் மட்டும் "மாசோக், மாசோக்!" என்று, உள்ளே போ என்று, எல்லோரையும் அடைத்துக்கொண்டே இருந்தார். மதுரை டவுன் பஸ்ஸில் பழகியவள் நான், எனக்கு அது சொந்த வீடு மாதிரி. உட்கார்ந்திருந்த ஒரு சீன அம்மாள் என் கையில் இருந்த மரப்பெட்டியைத் தானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள், மற்ற பொட்டலங்களையெல்லாம் கரைத்துக் கூட்டத்துக்காக நாங்கள் தயாரித்த, நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லுகள் இருந்தன. முன்னால் போன லோரி திடீரென்று நின்றது. எங்கள் பஸ்ஸும் நின்றது. பெட்டி மட்டும் நிற்கவில்லை.

வவ்வால் எச்சச் சில்லுகள் எல்லாம் நொறுங்கிப் போயிருந்தன. ஒப்பிடுவதற்கு வைத்திருந்த இரண்டு சில்லுகள், ஒன்று டுரியான், ஒன்று பெரெம்பாங், அவை மட்டும் தப்பின. அந்த அம்மாள் பதறிப்போய் எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு பொரித்த வாழைப்பழத்தைத் திணித்தார். அழுதுகொண்டே தின்றாலும் அது ருசியாகத்தான் இருந்தது. "பொட்டலம் இருக்கு, நுண்ணோக்கியையும் கொண்டுபோவோம், நேர்லயே கரைச்சுக் காட்டிருவோம்," என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை முனியாண்டி அண்ணன் வேனோடு வந்தார். முன் இருக்கையில் அவர் மனைவி. பந்திங்கில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகிறாராம், கிள்ளான் பஸ் நிலையத்தில் இறங்கிக்கொள்வார். "டாக்டர், நேத்து அர்ச்சனைக்குப் போனீங்களாமே. வண்டி வொர்க்‌ஷாப்ல மாட்டிக்கிச்சு, இல்லன்னா நானும் வந்துருப்பேன். பிரசாதம் இருக்கா?" என்றார் என்னிடம். நான் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கைப்பைக்குள் கையை விட்டு, அகப்பட்ட பொட்டலக் கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதில் எழுதியிருந்ததைப் படித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "செவ்வாக்கெழமைப் பூசையா! ரொம்ப விசேசம்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கிள்ளானில் நிலக் குழுவின் கூட்ட அறையில் நீள மேசை. தலைமையில் டத்தோ, வெள்ளை மீசையும் சிரித்த முகமுமாக. எதிரே சொக்கலிங்கம் ஐயா. அவர் தாத்தா காரைக்குடிப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர். குழுவில் இறால் குளத்துக்கு ஆதரவாக முக்கியமான குரல் அவருடையதுதான் என்று இந்திராணி முன்பே எச்சரித்திருந்தாள். நெற்றியில் மூன்று வரி திருநீறு, நடுவில் பெரிய சந்தனப் பொட்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போக வேண்டும், பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிடுவேன் என்று டத்தோ தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்றே கால்.

இந்திராணி நன்றாகப் பேசினாள். முடித்ததும் சொக்கலிங்கம் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். கோபமே இல்லாத குரல்.

"மேடம், ஒரே கேள்வி. கிள்ளான்ல பூ திங்கிறது ஒரு வவ்வாலா இருக்கலாம். செமினியில திங்கிறது வேற வவ்வாலா இருக்கலாம். ரெண்டும் ஒண்ணுதான்னு எப்படிச் சொல்றீங்க? எத்தனையோ பேரு வேலைய நம்பி இருக்காங்க. ஊகத்துக்காக அத நிறுத்தச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஒரே சொட்டு எச்சத்தில் இரண்டு மகரந்தமும் இருக்கிறது, இதோ காட்டுகிறோம் என்று எழுந்து, கைப்பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து, சிட்டிகை எடுத்துக் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். பார்த்தேன். மரத்தூள். மறுபடி பார்த்தேன். சுத்தமான, அருமையான சந்தன மரத்தூள்.

மெல்லத் தலையை நிமிர்த்தினேன். எதிரே சொக்கலிங்கம் ஐயாவின் நெற்றி. அந்தப் பொட்டின் மஞ்சளில் சந்தனத்தின் பழுப்பே இல்லை. காலையில் பைக்குள் கைவிட்டு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்திராணியிடம் ரகசியமாகச் சொல்லலாம் என்றால், அந்த மேசையில் தமிழில் ரகசியம் பேச முடியாது. அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனேன். அங்கே முனியாண்டி அண்ணன் நின்றிருந்தார்.

"அண்ணே, காலையில நான் குடுத்த பொட்டலம்?" என்றேன்.

"ரெண்டு பொட்டலத்த சம்சாரம் பந்திங்குக்குக் கொண்டுபோயிட்டா டாக்டர், அவ அம்மாவுக்கு. ஒண்ண, ஒங்கள எறக்கிவிட்டுட்டுப் பக்கத்துல நம்ம சொக்கலிங்கம் ஐயா வீட்டுல போய்க் குடுத்தேன். பத்துமலன்னா அவருக்கு உயிரு."

பிறகு இந்திராணி செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நேராக உள்ளே போய், சொக்கலிங்கம் ஐயா முன்னால் நின்று, இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஐயா, பெரிய தப்பு நடந்துபோச்சு. முனியாண்டி அண்ணன் மேல குத்தம் இல்ல, எங்க மேலதான். நீங்க இட்டிருக்கிறது சந்தனம் இல்ல."

"பின்ன?"

"நாங்க காட்ட வந்த சாட்சி ஐயா."

அவருக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. கை நெற்றிப் பக்கம் போனது.

"துடைக்காதீங்க!" என்று நானும் இந்திராணியும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

டத்தோ என்னவென்று கேட்டார். இந்திராணி மலாயில் சொன்னாள். மிச்சப் பொட்டலம் இருக்கிறதா என்று நான் ஐயாவிடம் கேட்டேன். "பிரசாதத்தக் குப்பையிலயா போடுவாங்க? வீட்டுத் துளசித் தொட்டியில தூவித் தண்ணி ஊத்திட்டேன்," என்றார். குரலில் இப்போது கோபம் இருந்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியிருந்தது.

அவர் எழுந்தார். ஆனால் கதவுப் பக்கம் போகவில்லை. நுண்ணோக்கிக்கு முன்னால் இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்திக் காட்டினார். "கேள்வி கேட்டது நான்தானே. எடுங்க."

ஈரமான கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் பொட்டைத் தொட்டு எடுத்தேன். பதினைந்து வருடத்தில் எத்தனையோ மாதிரி சேகரித்திருக்கிறேன். ஒரு நெற்றியிலிருந்து எடுத்தது அதுதான் முதல் தடவை. திருநீறு கொஞ்சம் கலந்திருந்தது. அதனால் என்ன, உருண்டைகளும் குல்லாய்ப் பீப்பாய்களும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருந்தன. முதலில் ஐயாவே பார்த்தார். தப்பிப் பிழைத்த இரண்டு சில்லுகளையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். அவர் நிதானமாக, அவசரப்படாமல், மூன்றையும் இரண்டு முறை பார்த்தார்.

"இதுவும் அதுவும் ஒண்ணு," என்றார். "ரெண்டும் ஒரே பொட்டுல இருக்கு."

டத்தோ வந்து குனிந்தார். டுரியான் எது என்று கேட்டார். பிறகு, எந்தத் தோப்பாக இருக்கும் என்று கேட்டார். செமினிப் பக்கமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் இந்திராணி. அவர் நிமிர்ந்து மீசையைத் தடவினார். அவர் சொன்னதை மொழிபெயர்த்தால்: "என் ஆள் பட்டாசுக்காக என்னை எவ்வளவு தொந்தரவு செய்கிறான் தெரியுமா? என் காய்ப்புக்கு நானே வெடி வைத்திருக்கிறேன்." முதலில் சிரித்தது சொக்கலிங்கம் ஐயாதான். அப்புறம் அறையே சிரித்தது.

வரைபடத்தை விரித்தார்கள். பூக்கும் மரங்கள் உள்ள ஆற்றங்கரைப் பட்டை முழுவதையும் சுற்றி டத்தோ சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். இறால் குளத்துக்காக மேற்கே உள்ள, மரமில்லாத பழைய தரிசைப் பார்க்கலாம் என்று சொக்கலிங்கம் ஐயாவே எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. இந்திராணி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. என் தடிமனான அறிக்கை ஒரு மேசையைத் தாண்டிப் போக முடியாத தூரத்தை ஒரு பொட்டு போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் கலைந்தபோது ஐயா கைக்குட்டையை நனைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இத எங்க எடுத்தீங்க?"

"பத்துமலையிலதான் ஐயா. கோயில் குகைக்குப் பக்கத்துக் குகை."

அவர் கைக்குட்டையை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப சாயங்காலம் குளிக்கிறப்ப கழுவிக்கிறேன்," என்றார்.

பந்திங்கில் முனியாண்டி அண்ணனின் மாமியார் என்ன செய்தார் என்று நான் விசாரிக்கவில்லை. தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை சுபாங்கில் விமானத்துக்கு இந்திராணி வழியனுப்ப வந்தாள். கொஞ்ச நேரத்தில் சொக்கலிங்கம் ஐயாவும் வந்தார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் ஒன்றைக் கொடுத்தார். சிவப்புக் கோட்டுக்கு உள்ளே வெட்டக் கூடாது என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. "ஒங்க ஊரு ஆபீசர்கிட்ட இதக் காட்டுங்க. பக்கம் பக்கமா எழுதாதீங்க, அந்த நுண்ணோக்கியத் தூக்கிட்டுப் போங்க," என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு பொட்டலம் எடுத்து நீட்டினார்.

பிரித்தேன். சந்தன நிறம். அவர் முகத்தையும் பார்த்தேன், இந்திராணி முகத்தையும் பார்த்தேன். மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.